நடுப்பக்கத்தில் என் தங்கச்சி

ஜனவரி 9

கொசுவுக்கு,

உடம்பு எப்படி இருக்கு? வாந்தி நின்னுதா? மாப்பிள்ளையும் பசங்களும் சௌக்கியம்தானே? இங்கே நானும் உங்க அத்தானும் நல்லாயிருக்கோம், அவருக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை.

போன்ல பேசினா நமக்குள்ள சண்டையிலதான் முடியும். நேத்தும் அப்படித்தான், பாதிப் பேச்சுல நீ டொக்குன்னு வெச்சுட்டே. அதனால பழையபடி கடிதாசியே எழுதறேன். எழுதும்போதாவது நீ நடுவுல புகுந்து கத்த முடியாது.

மூணு மாசத்தை வயித்துல மறைச்சுட்டு இப்ப சொல்றே. அதுவும் யாரோ ஒருத்தி குழந்தையை, காசு வாங்கிக்கிட்டு. எனக்குக் கோபமெல்லாம் இல்லை. மாப்பிள்ளை மனசாரச் சரின்னாரா, ஆஸ்பத்திரியில ஒழுங்கா பாத்துக்கறாங்களா, அதைத்தான் கேக்கறேன். அந்தம்மா யாரு? எங்க ஊர்தான்னு சொன்னியே, எந்தப் பக்கம்? என்ன வயசு? பாக்க எப்படி இருப்பா? சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

இங்கே பேப்பர் ஆபீஸ்லயும் இதே பேச்சு. வாடகைத்தாய் முறையைத் தடை பண்ணச் சட்டம் கொண்டு வரப்போறாங்க இல்ல, நடுப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை கொடுன்னு எடிட்டர் என் தலையில கட்டிட்டார். பயப்படாதே, உன்னைப் பத்தி ஒரு வரி வராது.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கிற
அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

வாந்தி நின்னுடுச்சு. அதுக்குப் பதிலா ஒரு கூத்து. எங்க கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனுங்க எரிஞ்சுபோன ஒயரைக் கொண்டு வந்து என் மேஜை மேல போடுவாங்க இல்ல, அந்த வாசனை இப்ப எனக்கு அவ்வளவு பிடிக்குது. போன்ல வர்ற புகாரை எழுதாம ஒயரை மோந்துக்கிட்டு உக்காந்திருக்கேன். பெரியவன் கணக்குல கோட்டை விட்டுட்டான், சின்னவ, நம்ம வாலுக்கு முன்பல் விழுந்து சிரிப்பே மாறிப்போச்சு. மத்தபடி எல்லாரும் சௌக்கியம். அத்தானை மாடிப்படி ஏற விடாதே.

நீ கேட்ட அந்தம்மா பல் டாக்டர். உங்க ஊர்ல புது பஸ் ஸ்டாண்டு பக்கம் கீழே கிளினிக், மேலே வீடு. மாசாமாசம் பஸ் ஏறி என்னைப் பாக்க வராங்க. வந்ததும் பசங்க வாயையெல்லாம் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, என்கூடவே சமையல்கட்டுல தரையில உக்காந்து சாப்பிடுவாங்க. நான் அக்கான்னுதான் கூப்பிடறேன். குழந்தை பிறந்ததும் ஒரு பகல் முழுக்க என் மடியில கொடுக்கறதா சொல்லியிருக்காங்க. ஒப்பந்தத்துல இல்லாத பேச்சு, எங்க ரெண்டு பேருக்குள்ள பேசிக்கிட்டது. அந்த ஒரு பகலை நினைச்சுத்தான் நான் தைரியமா இருக்கேன்.

ஏன் இப்படிப் பண்ணினேன்னு நீ கேக்கலை, ஆனா வரிக்கு வரி அதைத்தான் கேக்கறே. இவர் கடையை மூடினதுல இருந்து எங்களுக்குக் காசு தேவை, அதைச் சொல்ல எனக்கு வெக்கமில்லை. கொடுத்துட்டு வர மனசு வராதுதான். அதுக்காக? பள்ளிக்கூடம் விட்டா டீச்சருங்க பிள்ளைங்களை வீட்டுக்கு அனுப்பாமலா இருக்காங்க?

இன்னொண்ணு. முதல்ல நான் வந்தது உன்கிட்டதான். உன் வைத்தியமெல்லாம் பலிக்காம நின்னுபோன அந்த வருஷம், நான் சுமந்து தரேன்க்கான்னு சொன்னேன். "என் தங்கச்சி உடம்பை நான் பயன்படுத்திக்க மாட்டேன்"னு மேடையில பேசற மாதிரி சொல்லிட்டு டம்ளரைக் கழுவப் போயிட்டே. அதுக்கப்புறம் நான் வாயே திறக்கலை.

பசங்க முத்தம் கொடுத்து அனுப்பறாங்க.

தங்கச்சி


பிப்ரவரி 5

கொசுவுக்கு,

அத்தானுக்கு முட்டிவலி தேவலை. உனக்குக் கால் வீங்குதா? தலையணை மேல தூக்கி வெச்சுப் படு. வாலோட சிரிப்பை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அக்கான்னு கூப்பிடறியா? இருக்கட்டும், வயசுல பெரியவளை வேற எப்படிக் கூப்பிடறது. நானும் இந்த ஊர்லதான் இருக்கேன், அவ மாசாமாசம் வரா, நான் வரலைன்னு குத்திக் காட்டறே. எனக்கு லீவு கேட்டா எடிட்டர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவார். அவளுக்கு என்ன, கிளினிக்கைப் பூட்டினா லீவு.

வயித்துல கை வெச்சுப் பாப்பாளா? நீ விடறியா? பெரியவன் உன் வயித்துல இருந்தப்ப நான் கை வெச்சா கூசுதுன்னு தட்டி விடுவே. இப்ப கூச்சமெல்லாம் போயிடுச்சு போல.

பழசை எதுக்குக் கிளறறே? அன்னிக்கு நான் சொன்னது சொன்னதுதான், அதுல மாத்தமில்லை. கட்டுரையைக் கொடுத்துட்டேன், வெள்ளிக்கிழமை வருது. படிச்சுட்டு எழுது.

அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

முதுகு மட்டும் வலிக்குது, மத்தபடி குறையில்லை. குழந்தை லேசா அசையுது. போட்டோ வெச்சிருக்கேன், வாலு பல்லைக் காட்ட மாட்டேன்னு அடம்பிடிச்சு எடுத்தது.

கட்டுரை படிச்சேன். ஆபீஸ்ல எல்லாரும் படிச்சாங்க. என் வயித்துல இருக்கறது யாரோடதுன்னு தெரியாம, "உங்க அக்கா வெளுத்து வாங்கிட்டாங்க"ன்னு எனக்கே கை கொடுக்கறாங்க.

தலைப்பே "கருப்பைக்கு என்ன வாடகை?" வாடகைக்கு விட்டவ வீட்டைக் காலி பண்ணிட்டு வெளியே போயிடுவாக்கா. நான் எங்கே போனேன்? இதுக்குள்ளயேதான் இருக்கேன். அடுத்தது, "நாம் கைகட்டி நிற்கிறோம், நாம் கண்களை மூடிக்கொள்கிறோம்." யாரு இந்த நாம்? எனக்குத் தினமும் போன் வரும், "மேடம், ஊரே இருட்டுல கிடக்கு"ன்னு. ஆள் அனுப்பிப் பாத்தா அந்த ஒரு வீட்டுலதான் ஃபியூஸ் போயிருக்கும்.

அப்புறம் எத்தனை கேள்வி! "இதுவா தாய்மை? இதுவா முன்னேற்றம்?" ஒரு கேள்விக்காவது பதில் சொல்ல இடம் விட்டியா? நான் சொல்லியிருப்பேனே.

எல்லாத்தையும் விட இதுதான்: "இந்த வியாபாரம் உறவுச் சொற்களைப் போர்த்திக்கொண்டு வருகிறது. பணம் கொடுப்பவள் அக்கா ஆகிறாள். வயிற்றைக் கொடுப்பவள் தங்கை ஆகிறாள்." சட்டத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ஊரெல்லாம் படிக்கிற பேப்பர்ல எனக்குன்னு ஒரு வரி எழுதியிருக்கே. அவங்களைப் பாத்து உனக்கு எரியுதுன்னா என்கிட்ட நேரா சொல்லு.

அத்தானைக் கேட்டதா சொல்லு.

தங்கச்சி


மார்ச் 6

கொசுவுக்கு,

முதுகுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்லு, மாப்பிள்ளை சும்மாதானே இருக்கார். போட்டோவை மேஜைக் கண்ணாடிக்கு அடியில வெச்சிருக்கேன்.

எனக்கு யார் மேலயும் எரியலை. நீ புகார் எழுதறவ, நடந்ததை எழுதினா உன் வேலை முடிஞ்சுது. நான் படிக்கிறவன் மனசைத் திருப்பணும். "நாம்"னு போட்டா உள்ளே வந்து உக்காருவான், "நீங்கள்"னு போட்டா பேப்பரை மடிச்சுட்டுப் போயிடுவான். கேள்வி கேட்டா அவனை அறியாம தலையை ஆட்டுவான், தலையை ஆட்டினவன் பாதி வழி வந்தாச்சு. இதெல்லாம் தொழில். எதிர்த்தரப்புல ஒரு பேராசிரியர் "தாய்மைக் கொடை", "நடமாடும் தெய்வம்"னு எழுதியிருக்காரே, அவரைக் கேளேன்.

அவர் கட்டுரையைப் படிச்சிருப்பே. படிக்காட்டி வேண்டாம், உன்னைத் தெய்வமாக்கிட்டு உன் வீங்கின காலைப் பத்தி ஒரு வரி எழுதலை. நானும் எழுதலைதான்.

எடிட்டர், "உன் கட்டுரைல சூடு இருக்கு, ஆள் இல்லை. அடுத்ததுல ஒரு பெண்ணைக் கொண்டு வா, அவ வாயால பேச வை"ங்கறார். பாக்கலாம். உன் பல் டாக்டர் இந்த மாசமும் வந்தாளா? என்ன கொண்டு வந்தா?

அக்கா


மார்ச் 28

அக்காவுக்கு,

உடம்பு இருக்கு.

"ஒரு பெண்ணைச் சந்தித்தேன். எரிந்த ஒயரின் வாசனை பிடிக்கிறது என்றாள். அவள் வாழ்வே கருகும் வாசனை அல்லவா அது? 'கொடுத்துட்டு வர மனசு வராதுதான்' என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்தாள்."

உன் ரெண்டாவது கட்டுரையில இப்படிப் போட்டிருக்கே. நான் எப்போ தலை குனிஞ்சேன்? கடிதாசில எப்படிக்கா தலை குனிய முடியும்? அடுத்த வரியில டீச்சர் இருந்தாங்களே, அவங்க எங்கே போனாங்க? வாக்கியத்தைப் பாதியில வெட்டிட்டு, மீதி இடத்துல என் தலையைப் பிடிச்சுக் குனிய வெச்சிருக்கே.

பல் டாக்டர் கிளினிக்ல காத்திருக்கறவங்களுக்கு உங்க பேப்பர்தான் போட்டிருக்கும். ஒயர் வாசனை அவங்களுக்குத் தெரிஞ்ச கதை. போன தடவை வந்தப்ப கேலி பண்ணி ஒரு துண்டு ஒயரைப் பையில போட்டுக் கொண்டு வந்தாங்க, நீ கேட்டியே என்ன கொண்டு வந்தான்னு, அதுதான். கட்டுரையைப் படிச்சுட்டு போன் பண்ணினாங்க. "குழந்தையைக் கொடுக்க மாட்டியாம்மா?" அது ஒண்ணுதான் கேட்டாங்க. நான் என்ன சொல்லியும் அழுகை நிக்கலை. அதுக்கப்புறம் போன் இல்லை, இந்த மாசம் வரவும் இல்லை. ஆஸ்பத்திரியில இருந்து ஒருத்தர் வந்து, இனிமே ரெண்டு தரப்பும் பாத்துக்க வேண்டாம், பிறந்த உடனே எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு சொல்லிட்டுப் போனார்.

எனக்குன்னு இருந்த ஒரு பகலும் போச்சு. பதில் எழுதாதே.


ஏப்ரல் 7

கொசுவுக்கு,

சாப்பிடறியா? தூங்கறியா? எழுதாதேன்னு சொன்னே, எப்படி எழுதாம இருப்பேன்?

எந்தப் பத்திரிகையில வெட்டாம போடறாங்க? உன் பேரைப் போட்டேனா, உன் ஊரைப் போட்டேனா? ஒரு வாசனையை வெச்சு ஆளைக் கண்டுபிடிப்பாங்கன்னு நான் கனவா கண்டேன்? அந்தம்மாவுக்கு நிஜமாவே உன் மேல நம்பிக்கை இருந்திருந்தா ஒரு கட்டுரையில ஓடிப் போயிடுமா? யோசிச்சுப் பாரு. தப்புதான், ஆனா உன் நல்லதுக்குத்தானே எழுதினேன்?

மாப்பிள்ளைகிட்டயாவது நாலு வரி எழுதச் சொல்லு.

அக்கா


ஜூன் 2

கொசுவுக்கு,

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "நல்லாயிருக்காங்க, பேச மாட்டேங்கறாங்க"ன்னார். நல்லாயிருந்தா சரி.

என் போன கடிதாசியைக் கிழிச்சுப் போட்டுடு. மன்னிப்புக் கேக்க உக்காந்தவ முழுக்கக் கேள்வியா கேட்டு வெச்சிருக்கேன்.

பொறாமைடி. வேற ஒண்ணுமில்லை. அவளுக்குக் குழந்தை கிடைக்கப் போகுதேன்னா? ஆமா, அதுவும்தான். அதைவிட, அவ வந்து உன்கிட்ட வாய்விட்டுக் கேட்டா, நீ சரின்னே. எனக்கு நீயே வந்து தரேன்னும் நான் வாங்கிக்கலை. கொள்கையும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. என்னால ஆகாதது உன்னால அவ்வளவு சுலபமா ஆகும், அதை மாசாமாசம் நான் கண்ணால பாக்கணும், என்னால முடியாதுன்னு தோணுச்சு. அதைச் சொல்ல வெக்கப்பட்டு ஒரு பெரிய வசனத்தைச் சொன்னேன். அப்புறம் எங்கிருந்தோ ஒருத்தி வந்தா. உன் சமையல்கட்டுல உக்காந்தா, உன் வயித்துல கை வெச்சா, அக்கான்னு பேரும் வாங்கிட்டா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. அந்த டீச்சர் வரியை வெட்டினப்ப எனக்கு உறுத்தவே இல்லை. சந்தோஷமா இருந்துது.

எடிட்டர் மூணாவது கட்டுரை கேட்டார், மாட்டேன்னு சொல்லிட்டேன். பிரசவத்துக்கு நான் வரட்டுமா? வேண்டாம்னா வேண்டாம்னு ஒரு வார்த்தை எழுது.

அக்கா


ஜூலை 19

அக்காவுக்கு,

தேறிக்கிட்டு வரேன். பசங்க சௌக்கியம். உன் ரெண்டு கடிதாசியும் கிடைச்சுது. ரெண்டாவதை ரெண்டு தடவை படிச்சேன், ஆனாலும் பதில் எழுத வரலை.

பிறந்துடுச்சு. பொண்ணுன்னு நர்ஸ் சொன்னா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நெஞ்சுக்குக் கீழே பச்சைத் துணியைக் குறுக்கே கட்டியிருந்தாங்க. அழுகைச் சத்தம் பக்கத்துல கேட்டுது, அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டுது, அப்புறம் கேக்கலை. பல் டாக்டர் எட்டியும் பாக்கலை. நான் எழுந்து வந்து பிடுங்கிக்குவேன்னு யாரோ சொல்லி வெச்ச மாதிரி ஓடிட்டாங்க. யாரோ என்ன, நீதான் சொல்லி வெச்சே.

பால் கட்டி உயிர் போயிடுச்சு. நின்னு போக மாத்திரை கொடுத்தாங்க. வாலு தொட்டுப் பாத்துட்டு, "வலிக்குதுன்னா பாப்பாவுக்குக் கொடும்மா"ங்கறா.

உன் போட்டிக்காரி தோத்துட்டா. இனிமே நான் யாரையும் அக்கான்னு கூப்பிடப் போறதில்லை. இதுல மேலே "அக்காவுக்கு"ன்னு போடறதுக்கு முன்னாடியும் பேனாவை வெச்சுட்டு உக்காந்திருந்தேன். வேற என்ன போடறதுன்னு தெரியலை.


ஆகஸ்ட் 4

கொசுவுக்கு,

தையல் ஆறிடுச்சா? குனிஞ்சு தண்ணிக்குடம் தூக்காதே, பெரியவனைத் தூக்கச் சொல்லு. அத்தான் உன்னை ரொம்பக் கேட்டார்.

பல் டாக்டரைப் போய்ப் பாத்தேன். நேரா போனா துரத்திடுவாங்கன்னு பல்வலின்னு பேர் கொடுத்துட்டு உக்காந்தேன். நாற்காலியில சாய்ச்சு, விளக்கைப் போட்டு, வாயைத் திறங்கன்னாங்க. வழியெல்லாம் பேச்சு தயார் பண்ணிக்கிட்டுப் போனவ, வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடக்கேன், ஒரு வார்த்தை பேச முடியலை. சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பாத்தவங்க அப்படியே நின்னுட்டாங்க. மேல்வரிசையில நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல தெத்துப்பல் இல்ல? "அவளோட அக்காவா நீங்க?"ன்னாங்க. வாயில கண்ணாடியோடயே தலையை ஆட்டினேன். கத்தப் போறாங்கன்னு பாத்தா, "கொப்பளிங்க"ன்னாங்க.

எல்லாத்தையும் சொன்னேன். நீ ஜனவரியில எழுதின கடிதாசியைக் கையோட கொண்டு போயிருந்தேன், படிக்கக் கொடுத்தேன். டீச்சர் வரி வந்ததும் நாற்காலியில உக்காந்துட்டாங்க. ரொம்ப நேரம் அழுதாங்க. ஆனாலும், "அவளைக் கூப்பிட இன்னும் பயமா இருக்கு. அவ கைக்குப் போனா என்கிட்ட திரும்ப வருமான்னு இருக்கு"ன்னாங்க. அவங்களைத் திட்ட எனக்கு வாய் வரலை.

குழந்தை நல்லாயிருக்கு. பாத்தேன். வேற விசேஷமில்லை.

அக்கா


ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

தையல் ஆறிடுச்சு. அத்தானுக்கு என் வணக்கம்.

பல் டாக்டர் கண்ணாடிக்கு ஒரு பத்தி, கொப்பளிச்சதுக்கு ஒரு வரி, குழந்தைக்கு "பாத்தேன்" ஒரே வார்த்தையா? தூர நின்னு பாத்திருந்தா நீ ஒரு பக்கம் எழுதியிருப்பே. தூக்கியிருக்கே. உன் கையில கொடுத்திருக்காங்க.

எனக்கு வயிறு எரியுது அக்கா. நேத்துலருந்து சோறு இறங்கலை. சுமந்தது நான், கிழிச்சுத் தைச்சது என்னை, மடி மட்டும் உன்னுதா? உன் ஜூன் மாசக் கடிதாசியை எடுத்து இன்னொரு தடவை படிச்சேன். உனக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்ப தெரியுது, நல்லாவே இல்லை.

எழுது. எனக்கு வேற வழியில்லை, உன் கண்ணாலதான் பாக்கணும். வெட்டாதே, ஜோடிக்காதே. என்னை அழ வைக்கப் பாக்காதே, நானே அழுதுக்குவேன். முடி இருக்கா? கை எப்படி இருக்கு? யாரு ஜாடைன்னு மட்டும் எழுதாதே.

தங்கச்சி


ஆகஸ்ட் 16

கொசுவுக்கு,

தூக்கினேன். உனக்கு வலிக்கும்னு மறைக்கலை. கொஞ்ச நாளைக்காவது அது எனக்கு மட்டும் இருக்கட்டும்னு ஆசைப்பட்டேன்.

மாடியில ஒரு அறை, கொடி முழுக்கக் குட்டித் துணி. அவங்க மாமியார் தூக்கிட்டு வந்தாங்க. தலை நிறைய முடி, பின்பக்கம் மட்டும் தேய்ஞ்சிருக்கு. இடது காது மடிஞ்சிருக்கு, நிமித்தி விட்டா திரும்ப மடிஞ்சுக்குது. நகம் வெட்டலை, கன்னத்துல ஒரு கீறல். உள்ளங்கையில நூல் திரிஞ்சு ஒட்டியிருந்துது, எடுக்க விரலை விட்டேன், பிடிச்சுக்கிச்சு. நல்ல பிடி. விக்கல் எடுத்துது. கண்ணைத் திறந்துச்சு, என்னைப் பாக்கலை, ஜன்னலைப் பாத்துது. என் தோள்ல பால் கக்கிட்டு அழுதுது. கட்டைக் குரல். நீ கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டியே, அது இதுதான்.

அவங்க கையை நீட்டினாங்க. கொடுத்துட்டு விறுவிறுன்னு படி இறங்கிட்டேன். பஸ்ல ஏறி உக்காந்தப்புறம்தான் காலைப் பாத்தேன், அது என் செருப்பு இல்லை. வாசல்ல அவங்க செருப்பை மாட்டிக்கிட்டு வந்திருக்கேன். பழுப்பு, புதுசு, எனக்கு ஒரு சைஸ் பெரிசு. நானே திருப்பிக் கொடுக்கப் போகலாம், போனா இன்னொரு தடவை தூக்கலாம். சத்தியமா சொல்றேன், உன் கடிதாசி வர்ற வரைக்கும் அந்த நினைப்புலதான் செருப்பைத் துடைச்சுத் துடைச்சு வெச்சுக்கிட்டிருந்தேன்.

இத்தோட ஒரு பார்சல் வரும். செருப்பு அதுலதான் இருக்கு. நீ எடுத்துட்டுப் போ. உன்னைக் கூப்பிடத்தானே அவங்களுக்குப் பயம், நீ செருப்பு கொடுக்கத்தானே போறே. மணியடிச்சுட்டு வாசல்லயே நில்லு, உள்ளே வரச் சொல்லுவாங்க. நான் கூட வரமாட்டேன். என் செருப்பு அங்கே கிடக்கும், வார் அறுந்த பழசு, அதைக் கொண்டு வரணும்னு அங்கேருந்து அவசரப்பட்டுக் கிளம்பி வந்துடாதே.

அக்கா